வலது பக்கத்து வரப்பு

தம்பி, நாளைக் காலை நீ தஞ்சாவூரில் ரயிலை விட்டு இறங்குவதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும். நாளை மறுநாள் எனக்கு ஆபரேஷன். அம்மா போனில் உன்னிடம், "ஒண்ணும் பயமில்லப்பா, மூக்கு வழியா ஒரு சின்னக் கட்டியை எடுக்கறாங்க, அப்பாவுக்குப் பார்வை பழையபடி வந்துடும்" என்று சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. நான் அவளிடம் சொன்னதைத்தான் உன்னிடம் சொன்னாள். பொய் என்னுடையது. அவள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்கப் போயிருந்தபோது கண் டாக்டரம்மா என்னிடம் சொன்னது வேறு. இடது கண்ணில் போன பார்வை திரும்பி வர நல்ல வாய்ப்பு இருக்கிறதாம். வலது கண்ணில் போனது அநேகமாகப் போனதுதானாம். அதையும், அது ஏன் அப்படி ஆயிற்று என்பதையும் நானே உனக்குச் சொல்ல வேண்டும். நேரில் என்றால் நான் குரலை உயர்த்துவேன், நீ வாயை மூடிக்கொள்வாய். இருபத்தாறு வருடமாக நம் இருவருக்கும் அதுதானே வழக்கம். அதனால் எழுதுகிறேன். எழுத்து சில இடங்களில் தாளைத் தாண்டி ஓடியிருந்தால் பொறுத்துக்கொள். தாள் எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வைகாசி உழவில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை, எனக்குச் சாதகமாகக் கொஞ்சம் மாற்றி வைத்திருந்தேன், அவ்வளவுதான். வலங்கைமான் ரோட்டை ஒட்டிய நம் பெரிய வயலில் டிராக்டர் ஓட்டி முடித்த மறுநாள் கரீம் பாய் வந்தார். இருபது வருடம் வளைகுடாவில் கடையில் நின்றுவிட்டு வந்து, நமக்கு வலது பக்கத்து நிலத்தை வாங்கிப் பயிர் வைக்கிற மனிதர். சத்தமாகப் பேசத் தெரியாதவர். "அண்ணே, தப்பா நெனைச்சுக்காதீங்க. பொது வரப்பு ஒரு முழம் கொறைஞ்சிருக்கு. ரோட்டவேட்டர் பட்டிருக்கும் போலிருக்கு" என்றார். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. நம் ஊரில் ஒருவனை என்ன சொல்லித் திட்டினாலும் பொறுத்துக்கொள்வான், வரப்பைச் சுரண்டுகிறவன் என்றால் மட்டும் பொறுக்க மாட்டான். அடுத்தவன் மண்ணை ஒவ்வொரு உழவிலும் ஒரு விரற்கடை தன் பக்கம் இழுத்துக்கொள்கிற ஈனப்பயல் என்று அதற்கு அர்த்தம். என் அப்பா ஊரார் வயலில் கூலிக்கு நட்டவர். பட்டாவில் நம் பெயர் ஏறிய நாளிலிருந்து அந்தப் பேச்சு நம் மேல் விழவே கூடாது என்று நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்று உனக்குத் தெரியும். பக்கத்து வயல்காரர்கள் ஒரு மண்வெட்டி அளவு நகர்ந்தால்கூட ஊரைக் கூட்டியவன் நான். என்னிடம் வந்து ஒருவர் இப்படிச் சொன்னால்?

"நேத்து வந்து நெலம் வாங்கினவரு எனக்கு வரப்பைக் காட்டித் தர்றீங்களா?" என்று கத்தினேன். அளந்து பார்த்துவிடலாம் என்று சவால் விட்டதும் நான்தான். சர்வேயர் வந்தார், புலப்படத்தை விரித்தார், கல்லிலிருந்து கல்லுக்கு டேப் பிடித்தார். பாய் சொன்ன ஒரு முழம் அப்படியே குறைந்திருந்தது. அன்று நீ லீவில் வந்திருந்தாய். சர்வேயர், வி.ஏ.ஓ., பாய், வேடிக்கை பார்க்க வந்த பத்துப் பேர், எல்லார் முன்னாலும், "தப்பு நம்ம மேலதாம்ப்பா. வரப்பைக் கட்டிக் குடுத்துடுவோம், விடுங்க" என்று சொன்னாய். நீ மெதுவாகத்தான் சொன்னாய். எனக்கு அது மைக் செட்டில் சொன்னதுபோலக் கேட்டது. "அப்பனைத் திருடன்னு சொல்றதுக்குத்தான் இன்ஜினியரிங் படிச்சியா? இனிமே இந்த வயல்ல கால் வைக்காதே" என்றேன். அன்று மாலை பஸ்ஸுக்கே நீ கிளம்பிவிட்டாய். சாப்பிட்டுவிட்டுப் போ என்று அம்மா தெரு வரை உன் பின்னால் ஓடினாள். நான் கூடத்தில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வரியும் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு பாய் என்ன செய்தார் என்று எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரிய வந்தது. வரப்பைச் சரி செய்ய மண்வெட்டியோடு வந்தவர், நம் வயலுக்கு இடது பக்கத்து வரப்பையும் பார்த்திருக்கிறார். அந்தப் பக்கமும் நம் நிலம்தான், இரண்டு வயலுக்கும் நடுவே ஓடுவது நம் சொந்த வரப்பு. அதுவும் அதே அளவு தேய்ந்து கிடந்திருக்கிறது. தன் வரப்பைத் தானே எவனாவது சுரண்டுவானா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. சில நாள் கழித்து டீக்கடையில் என் வலது பக்கம் வந்து நின்று டீ கிளாஸை நீட்டியிருக்கிறார். எனக்கு அவரும் தெரியவில்லை, கிளாஸும் தெரியவில்லை. யாரிடமோ கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தவன் அதைத் தட்டிவிட்டேன். சமாதானத்துக்கு வந்த மனிதரை இவன் அவமானப்படுத்திவிட்டான் என்று கடையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். பாய் மட்டும், சட்டையெல்லாம் டீயாக, என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உனக்குப் போன் போட்டு, "உங்க அப்பா வரப்பைச் சுரண்டல தம்பி. அவருக்கு வரப்பு தெரியல" என்று சொல்லியிருக்கிறார்.

நீ அதை அம்மாவிடம் சொல்ல, அம்மா பயந்து பயந்து என்னிடம் சொன்னாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் மேல் விழுந்த பழியை, பழி சொன்ன மனிதரே வந்து துடைக்கிறார். ஆனால் எனக்கு முன்னைவிடக் கோபம் வந்தது. ஏன் என்று இந்த வார்டில் படுத்துக்கொண்டு நிறைய யோசித்தேன். திருடன் என்று சொன்னவனோடு சண்டை போடலாம்; அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. கண் தெரியவில்லை என்று சொன்னவனோடு எப்படிச் சண்டை போடுவது? டிராக்டர் சாவியை அல்லவா கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

இனி எழுதப்போவது அம்மாவுக்கும் தெரியாது. ஆடி மாதம் அவள் தொல்லை பொறுக்காமல் கும்பகோணத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நேரே இருக்கிற எழுத்தையெல்லாம் கடைசி வரிக்கு முந்தின வரி வரை படித்துவிட்டேன். "பார்த்தியா?" என்று அவளைப் பார்த்துச் சிரித்தேன். அங்கிருந்த பெண் விடவில்லை. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஓரப் பார்வையைச் சோதிக்க வேண்டும் என்று ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருக்கிற மிஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னாள். ஒரு கண்ணை மூடிவிடுவார்கள். நடுவில் ஒரு புள்ளி, அதை விட்டுப் பார்வையை எடுக்கக் கூடாது. சுற்றி எங்காவது ஒரு பொட்டு வெளிச்சம் வந்து போகும். தெரிந்தால் கையிலிருக்கிற பட்டனை அழுத்த வேண்டும், தெரியாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். முதல் ஒரு நிமிடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, தம்பி. வெளிச்சம் பாதிதான் வருகிறது. மீதி நேரம் வெறும் வெள்ளை. ஆனால் மிஷின் ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் முன்னால் உள்ளே மெல்ல ஒரு சத்தம் போட்டது. முப்பது வருடம் இன்ஜின் சத்தத்தை வைத்தே பழுது சொன்ன காது எனக்கு. வெளிச்சம் தெரியாத இடத்திலெல்லாம் சத்தத்தைக் கேட்டுப் பட்டனை அழுத்தினேன். வலது கண்ணுக்கும் அப்படித்தான், இடது கண்ணுக்கும் அப்படித்தான். பரீட்சையில் எட்டிப் பார்த்து எழுதுகிறவனுக்கு இருக்கிற படபடப்பும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அந்தப் பெண் கெட்டிக்காரி. தாளைப் பார்த்துவிட்டு, "ஐயா, வெளிச்சம் வராதப்பகூட அழுத்தியிருக்கீங்க. இந்த ரிசல்ட்டை நம்ப முடியாது. அடுத்த வாரம் கண்டிப்பா வாங்க, திரும்ப எடுத்துடுவோம்" என்று இரண்டு தரம் சொன்னாள். வெளியே காத்திருந்த அம்மாவிடம், "எல்லாம் நார்மல்" என்றேன். அடுத்த வாரம் வாய்க்காலில் தண்ணீர் வந்தது, அதற்கடுத்த வாரம் களை, அப்புறம் குறுவை அறுப்பு. போகாமல் இருக்க ஒரு விவசாயிக்கா காரணம் கிடைக்காது? மூன்று மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. அந்த மூன்று மாதமும் எனக்குள்ளே கட்டி வளர்ந்துகொண்டிருந்தது.

ஐப்பசியில் சம்பா நடவுக்குச் சேற்றுழவு ஓட்டினேன். முடித்துவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தேன். எடுக்கும் முன் வலது பக்கம் பார்த்தேன், தம்பி. சத்தியமாகப் பார்த்தேன். யாருமில்லை. திடீரென்று அம்மாவின் அலறல் கேட்டு பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் போனால், அவள் தூக்கிக்கொண்டு வந்த நாற்றுமுடி இரும்புச் சக்கரத்துக்கு அடியில் கூழாகக் கிடக்கிறது. அவள் அதற்கு ஒரு சாண் தள்ளி, சேற்றில் மல்லாந்து விழுந்து கிடக்கிறாள். புடவை முந்தானையில் பாதி சக்கரத்துக்குள். நான் அதை இழுத்துக் கிழித்து எடுத்தேன். "ஏங்க, உங்க வலது பக்கம், கொஞ்சம் பின்னாலதானே நின்னேன்? கையைக்கூட ஆட்டினேனே?" என்று கேட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. அழக்கூட இல்லை. எழுந்து போய் வரப்பில் உட்கார்ந்து, கையிலிருந்த சேற்றைப் புல்லில் துடைத்துக்கொண்டே இருந்தாள். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று நான்தான் அவளிடம் கேட்டுக்கொண்டேன். மறுநாள் நானே சட்டையை மாட்டிக்கொண்டு, தஞ்சாவூருக்குப் போவோம் என்றேன்.

இங்கே வந்த பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் கட்டி. புற்று இல்லை என்கிறார்கள். அந்தச் சுரப்பிக்கு மேலேதான் இரண்டு கண்ணின் நரம்பும் ஒன்றையொன்று குறுக்கே கடந்து போகின்றனவாம். கட்டி கீழேயிருந்து அந்த இடத்தில் முட்டுகிறது. அதனால்தான் நேரே தெரிகிறது, இரண்டு ஓரமும் போய்விட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் போனதே தெரியவில்லை. இதையெல்லாம் ஒரு படம் வரைந்து காட்டியவர் இங்குள்ள கண் டாக்டரம்மா. உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அவர் ஓ.சி.டி. என்று இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்றார். மறுபடியும் பட்டனா என்று கேட்டேன். "பட்டன் எல்லாம் இல்லைங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அசையாம இருந்தா போதும்" என்றார். தாடையை வைத்தேன், பச்சை நிறத்தில் ஒரு சிலுவைக்குறி தெரிந்தது, அதையே பார்த்தேன். சில நொடியில் முடிந்துவிட்டது. கண்ணுக்குள்ளே, பின் சுவரில், நரம்பு இழைகள் எவ்வளவு தடிமனாக மிச்சம் இருக்கின்றன என்று அந்த மிஷின் அளந்துவிடுகிறது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ஏமாற்ற வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

வந்த தாளில் இடது கண்ணைச் சுற்றிப் பெரும்பாலும் பச்சை, ஓர் இடத்தில் மஞ்சள். வலது கண்ணில் பாதிக்கு மேல் சிவப்பு. சிவப்பு என்றால் இழை மெலிந்துவிட்டது என்று அர்த்தம். "கட்டியை எடுத்தா நரம்பு மேல இருக்கற அழுத்தம் போயிடும். உயிரோட இருக்கற இழை திரும்ப வேலை செய்யும். செத்துப்போன இழையைத் திரும்பக் கொண்டுவர எங்களால முடியாது. ஆபரேஷனுக்கு முன்னாடியே எது எவ்வளவு வரும்னு ஓரளவு சொல்றதுக்குத்தான் இந்தப் படம்" என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. மழையில் பயிர் மூழ்கினால் நாம் ஒரு தூரைப் பிடுங்கி வேரைப் பார்ப்போமே, அதுதான். வேர் வெள்ளையாக இருந்தால் தண்ணீரை வடித்துவிட்டால் போதும், பயிர் எழுந்துவிடும். கறுத்து அழுகியிருந்தால் வடித்தும் பிரயோஜனமில்லை. இதை அவரிடம் சொன்னேன். "இவ்வளவு தெளிவா எனக்குச் சொல்ல வரலைங்க" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, "ஆடி மாசமே இந்தப் படம் எடுத்திருந்தா வலது கண்ணு எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். தாளை மடித்துக் கவரில் போட்டு, "இப்பவாச்சும் வந்தீங்களே, இடது கண்ணைக் காப்பாத்திடலாம்" என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை. எனக்குப் பதில் தேவையும் இல்லை. அந்த வெள்ளைக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்து பட்டனை அழுத்திய கை என் கைதான்.

பயமாக இருக்கிறது, தம்பி. இதற்கு முன் உன்னிடம் இப்படிச் சொன்னதே இல்லை. மயக்கத்துக்குப் பயமில்லை, மூக்கில் பஞ்சை அடைத்து வைப்பார்களாம், அதற்கும் பயமில்லை. டாக்டரம்மாவே, "படம் சொல்றது அநேகமாத்தான், அப்படியே நடக்கணும்னு இல்லை" என்று சொல்லியிருக்கிறார். வராது என்ற வலது கண் கொஞ்சம் வந்தாலும் வரலாம்; வரும் என்ற இடது கண் வராமலும் போகலாம். ஆபரேஷனே வேண்டாம் என்றால் இரண்டுமே போய்விடும். இந்த 'அநேகமாக' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு நாளாகப் புரண்டுகொண்டிருக்கிறேன். டிராக்டர் போகட்டும். வயல் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாமல், குழாய் வழியாகப் பார்ப்பதுபோலத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்ட வேண்டுமா என்பதுதான் பயம்.

உனக்குப் புத்தி சொல்ல இப்போது எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அப்பன் என்று ஆனபின் சொல்லாமல் இருக்க முடிகிறதா? நீ இரண்டாம் வருடம் மூன்று அரியர் வைத்துக்கொண்டு, "எல்லாம் கிளியர்பா" என்று சொன்னாயே, நினைவிருக்கிறதா? அன்று உன்னை வெளுத்து வாங்கினேன். எங்கிருந்து இந்தப் புத்தி வந்தது என்று அம்மாவின் பிறந்த வீட்டையெல்லாம் இழுத்தேன். எங்கிருந்தும் வரவில்லை, என்னிடமிருந்துதான் வந்தது. உன்னிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிடு. வேலையில் சொல், நாளைக்குக் கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் சொல், டாக்டரிடம் கட்டாயம் சொல். கௌரவம் பார்த்து நான் இழந்தது என்ன என்று நாளை நீயே வந்து அந்தக் கவரைப் பிரித்துப் பார். சிவப்பாக இருக்கும்.

நேற்று பாய் வந்திருந்தார். கார்த்திகை மழையில் இரண்டு பேர் வயலிலும் தண்ணீர் நிற்கிறதாம். நம் வயல் மடையையும் அவரே திறந்து வடித்துவிட்டு, பஸ் பிடித்து வந்திருக்கிறார். நான் எழுந்து உட்கார்ந்து, "பாய், வரப்பு விஷயத்துல நான் உங்களைப் பேசினது ரொம்பத் தப்பு. மன்னிச்சுக்கணும்" என்றேன். அம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். "அதெல்லாம் எதுக்குண்ணே, நல்லபடியா எழுந்து வாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவரிடம் கேட்க முடிந்ததை உன்னிடம் கேட்க முடியாமல் இத்தனை பக்கம் சுற்றி வளைத்து எழுதிவிட்டேன். அன்று பத்துப் பேர் முன்னால் நீ சொன்னது சரி. உன்னை வயலில் கால் வைக்காதே என்று நான் சொன்னது தப்பு. மன்னித்துக்கொள்.

இனி நீ எனக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மயக்கம் தெளிந்ததும் ஆளாளுக்கு வந்து, "தெரியுதாங்க?" என்று கேட்பார்கள். எனக்கு என்னைத் தெரியும். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும், "நல்லா தெரியுது" என்று சொல்லிவிடுவேன். அதனால் நீ என்னிடம் எதுவும் கேட்காதே. பேசாமல் வந்து கட்டிலுக்கு வலது பக்கம் நில். கொஞ்ச நேரம் நில். நான் உன் பக்கம் திரும்பினால் டாக்டரம்மாவைக் கூப்பிட்டுச் சொல். திரும்பாவிட்டாலும் அன்றோடு விட்டுவிடாதே. முழுதாகத் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம் என்றார்கள், அப்போது வீட்டுக்கு வந்து இன்னொரு தரம் அதேபோல நில். அப்போதும் நான் திரும்பவில்லை என்றால், என் தோளைத் தொட்டு, "அப்பா, உங்களுக்குத் தெரியல" என்று நீயே சொல்லிவிடு. நீ சொன்னால் சண்டைக்கு வர மாட்டேன்.

அப்பா